ஹம்ப்தா கணவாய்க்கு இரண்டு பேர் டென்ட்: எடை குறைவாக எதை வாங்கலாம்?

சிறுவாணி நடை | மார்ச் 9, இரவு 9:40

வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். நானும் என் மாமன் மகனும் செப்டம்பர் முதல் வாரம் மணாலி பக்கம் ஹம்ப்தா கணவாய் போகிறோம். ஜோப்ராவில் நடக்கத் தொடங்கி, பாலு கா கேராவில் தங்கி, 4,270 மீட்டர் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் சியா கோரு, சத்ரு என்று இறங்கும் வழி. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வருவார். சாப்பாடு, படுக்கை, டென்ட் எல்லாம் எங்கள் முதுகில்தான்.

வெள்ளியங்கிரி மூன்று தடவை ஏறியிருக்கிறேன். போன வருடம் ஒரு குழுவோடு இமயமலைக்கும் போனேன். ஆனால் அதில் டென்ட் கோவேறு கழுதை மேல் வந்தது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடித்து வைத்திருப்பார்கள். நானாக ஒரு டென்ட் அடித்ததே இல்லை.

சித்தப்பா கொடுத்த பழைய டென்ட் ஒன்று வீட்டில் இருக்கிறது. தராசில் வைத்தால் 3.6 கிலோ. புதிதாக வாங்க 15,000 ரூபாய் வரை வைத்திருக்கிறேன். கடையில் ஒன்றை 20டி என்கிறார்கள், இன்னொன்றை 210டி என்கிறார்கள். 210டி என்றால் பத்து மடங்கு உறுதியா? 3,000 எம்எம் என்பது எதைக் குறிக்கிறது? நடக்கும்போது ஊன்றும் கைக்கம்பையே நட்டு அடிக்கும் டென்ட் ஒரு கிலோதான் வரும் என்று ஒருவர் சொன்னார், அதை நம்பி எடுக்கலாமா? சொல்லுங்கள்.

பொதிநடை | மார்ச் 9, இரவு 11:15

இரண்டு பேர் பங்கு போட்டுச் சுமக்கப் போகிறீர்கள். அதனால் மொத்த எடையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆளுக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒருவர் கம்பியும் மேல்துணியும் (மழையைத் தடுக்கும் வெளி அடுக்கு), இன்னொருவர் உள்டென்டும் (நாம் படுக்கும் வலை அடுக்கு) முளைகளும் எடுத்துக்கொண்டால், 2 கிலோ டென்ட் ஆளுக்கு ஒரு கிலோ. அந்த அளவில் உங்கள் பணத்துக்கு நல்லதாகவே கிடைக்கும். அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு கிராமைக் குறைக்கவும் விலை தாவும். பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இரண்டு ஆள் டென்ட் 1.4 கிலோ அளவில் வரும், விலை உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். ஸீபேக்ஸ் டூப்ளெக்ஸ் அரைக்கிலோவும் கொஞ்சமும்தான், ஆனால் 600 டாலருக்கு மேல்.

அட்டையில் இரண்டு எடை போட்டிருப்பார்கள், கவனியுங்கள். சிறியது உள்டென்ட், மேல்துணி, கம்பிகள் மட்டும். முளை, கயிறு, பை எதுவும் அதில் சேராது. பெரியதுதான் உங்கள் முதுகில் ஏறப் போவது.

அப்புறம் மூன்றாவது எடை ஒன்று உண்டு, அதை எந்த அட்டையிலும் பார்க்க முடியாது. நனைந்த எடை. போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி முழுக்க மழையில் நின்ற என் டென்டைக் காலையில் உதறி மடித்து, சாமான் தொங்கவிடும் தராசில் மாட்டினேன். காய்ந்தபோது 1,720 கிராம். அன்று காலை 2,290. மழைக்காலத்தின் கடைசியில் குலு பக்கத்தில் ஏறப் போகிற உங்களுக்கு இந்த எண்தான் முக்கியம். இரண்டு டென்டுக்கு நடுவே 150 கிராம் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, எந்தத் துணி தண்ணீரைக் குடிக்கும், எது உதறினால் உதிர்க்கும் என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும்.

திருப்பூர் நூல் | மார்ச் 10, காலை 7:05

துணித் தொழிலில் இருக்கிறேன், அதனால் இந்த ‘டி’ குழப்பத்தை நான் தீர்த்துவைக்கிறேன். அவை இரண்டும் வேறு வேறு டி.

20டி-யில் வருவது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அதுதான் டெனியர். 20 டெனியர் என்றால் ஒன்பது கிலோமீட்டர் நூலும் சேர்ந்து 20 கிராம்தான். 210டி-யில் வருவது த்ரெட் கவுண்ட். ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்த்து எத்தனை இழை ஓடுகிறது என்ற எண்ணிக்கை. ஒன்று நூலின் பருமன், மற்றது நெசவின் நெருக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்க முடியாது. பொதுவாகக் கடையில் 210டி என்று விற்பது பாலியெஸ்டர், 20டி என்று விற்பது சிலிகான் பூசிய நைலான். (210 டெனியர் துணி என்றும் ஒன்று இருக்கிறது. அது பை தைக்கிற கனத்த துணி, இலகு டென்டின் மேல்துணியாக வராது.)

நைலான் தன் எடைக்கு மிக உறுதி. ஆனால் ஈரத்தை இழுக்கும், இழுத்தால் நீளும். சாயங்காலம் முரசுத் தோல் மாதிரி விறைப்பாகக் கட்டிய மேல்துணி நடுராத்திரியில் தொய்ந்து உள்டென்டில் ஒட்டும். பாலியெஸ்டர் அப்படித் தொய்யாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். 4,000 மீட்டரில் வெயிலின் புற ஊதா அதிகம், அதையும் நினைவில் வையுங்கள். அதே எடையில் கிழிபடாத உறுதியைப் பார்த்தால் நைலான் முன்னே நிற்கும்.

3,000 எம்எம் என்றால், அந்தத் துணிமேல் 3,000 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்த் தூண் நின்றாலும் கசியாது என்று பொருள். மேல்துணிக்கு 1,500 இருந்தாலே நல்ல மழை தாங்கும். தரைத் துணிக்குத்தான் கூடுதல் வேண்டும். ஈரத் தரையில் நீங்கள் முழங்கால் ஊன்றும்போது ஒரே இடத்தில் விழும் அழுத்தம் மழைத்துளியைவிடப் பல மடங்கு.

பூச்சையும் கேளுங்கள். பியூ என்கிற பாலியூரித்தேன் பூச்சு விலை மலிவு, தையல்மேல் ஆலையிலேயே டேப் ஒட்டிவிடலாம். ஆனால் ஈரத்தோடு மடித்துப் பரணில் போட்டால் நம் ஊர் வெப்பத்துக்குச் சில வருடத்தில் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை அடிக்கும். சிலிகான் பூச்சு அப்படிக் கெடாது, துணியின் கிழிபடாத தன்மையையும் கூட்டும். அதன்மேல் டேப் ஒட்டாது என்பதால் தையலுக்குச் சிலிகான் பசை தடவ வேண்டும். உங்கள் சித்தப்பா டென்டைப் பிரித்து முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

அரைக்கிலோ | மார்ச் 10, பகல் 1:20

கைக்கம்பு டென்டுக்காக நான் பேசுகிறேன். பெங்களூரிலிருந்து நாலு வருடமாக இதோடுதான் மலைக்குப் போகிறேன்.

ஹம்ப்தா மாதிரி இறக்கமும் ஓடைக் கடப்பும் உள்ள வழிக்கு ஆளுக்கு இரண்டு கம்பு எப்படியும் கொண்டுபோவீர்கள். ராத்திரி அவை சும்மா கிடக்கின்றன. அவற்றையே தூணாக நட்டால் அரைக்கிலோ அலுமினியக் கம்பி வீட்டிலேயே இருந்துவிடும். கனடாவின் டர்ஸ்டன் எக்ஸ்-மிட் இரண்டு ஆள் டென்ட் 1.1 கிலோ அளவுதான். இரண்டு வாசல், இரண்டு பக்கமும் சாமான் வைக்கத் திண்ணை மாதிரி இடம். அதைவிடப் பெரிய லாபம், மேல்துணியை முதலில் நிறுத்திவிட்டு அதன் அடியில் உட்கார்ந்து உள்டென்டை மாட்டலாம். கொட்டும் மழையிலும் படுக்கை நனையாது. சந்தையில் உள்ள டென்டுகளில் பெரும்பாலானவை உள்டென்டை முதலில் நிறுத்தும் வகை. மழையில் அதை அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரி சேர்ந்து உங்கள் தொகையைத் தாண்டும். டெக்காத்லானில் ஒரு ஆளுக்கான கைக்கம்பு டென்ட் 920 கிராமில் வருகிறது. ஆளுக்கொன்று எடுத்தாலும் மொத்தம் 2 கிலோவுக்குள்தான்.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அமெரிக்காவின் அப்பலேச்சியன் பாதை முழுவதையும் ஒரே வீச்சில் நடந்து முடித்தார். மழைக்கு அவர் வைத்திருந்தது குளியலறைத் திரை ஒன்று. எடையைப் பற்றிய என் நம்பிக்கை அங்கிருந்து தொடங்குகிறது.

கண்டி மலைக்காரி | மார்ச் 10, மாலை 6:50

தம்பி, அரைக்கிலோ சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நாலு வருடம் பழகிய கை. நீங்கள் இன்னும் ஒரு கூடாரம்கூட அடிக்காதவர். கைக்கம்புக் கூடாரம் தானாக நிற்காது. நாலு மூலை முளையும் மண்ணைப் பிடித்தால்தான் அது கூடாரம், பிடிக்காவிட்டால் வெறும் துணி. சியா கோரு படங்களைப் பார்த்தேன். ஆற்றோரக் கல்லும் சரளையும். களைத்துப்போய் இருட்டுகிற நேரத்தில், காற்றில், முளை இறங்காத தரையில் முதல் பாடம் படிக்க வேண்டாம்.

நான் எங்கள் நக்கில்ஸ் மலைகளில் பத்து வருடத்துக்கு மேலாக நடக்கிறேன். ரிவர்ஸ்டன் பக்கம் அடிக்கிற காற்றைப் பற்றி இங்கே எல்லோருக்கும் விளங்கும். ஒருமுறை அங்கே கண்ணாடியிழைக் கம்பி போட்ட கூடாரத்தில் இருந்தோம். பெயர் தேவையில்லை, மலிவாக வாங்கியது. நள்ளிரவில் கம்பி நெடுக்காகப் பிளந்தது. பிளந்த முனை மேல்துணியையும் கிழித்தது. விடியும்வரை நானும் தங்கச்சியும் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தோம். அலுமினியக் கம்பி என்றால் வளையும், காலையில் நிமிர்த்திக்கொள்ளலாம். அதனால் எடையைப் பார்க்க முன்னம் கம்பியைக் கேளுங்கள். கண்ணாடியிழை என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, வாசல். இரண்டு பேருக்கு ஒரு வாசல் என்றால் உள்ளே படுத்தவர் ராத்திரி வெளியே போக மற்றவரைத் தாண்ட வேண்டும். அந்த உயரத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அதனால் ராத்திரியில் இரண்டு தரமாவது எழும்புவீர்கள். பெண்களோடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உடை மாற்றுவது, ஈரச் சப்பாத்தை (ஷூவை) வைப்பது எல்லாம் அவரவர் வாசலில் நடக்கும். நான் இப்போது பாவிப்பது 1.9 கிலோ, இரண்டு வாசல். இன்னும் 300 கிராம் குறைவாக ஒற்றை வாசலில் கிடைத்தது. எடுக்கவில்லை.

ஈப்போ காடு | மார்ச் 10, இரவு 8:30

எங்கள் பக்கம், மலேசியாவின் பகாங்கில், குனோங் தகான் மலை ஏறும்போது நான் டென்ட் எடுப்பதே இல்லை. தூளியும் மேலே ஒரு தார்ப்பாயும்தான். தரை முழுக்க ஈரம், வேர், அட்டை. தூளியில் முதுகுக்குக் கீழே காற்று போகும், அந்தப் புழுக்கத்துக்கு அதுதான் சுகம். ஆனால் உங்கள் வழியில் மேலே மரமே இருக்காது என்பதால் அது உதவாது. வேறு யாராவது படிக்கிறவர்களுக்காகச் சொன்னேன்.

சிறுவாணி நடை | மார்ச் 11, காலை 6:30

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருப்பூர் அண்ணா, நேற்று ராத்திரி சித்தப்பா டென்டைப் பிரித்தேன். நீங்கள் சொன்ன அதே புளித்த வாடை. மேல்துணி மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் தோல் மாதிரி உரிந்து வருகிறது. அம்மா அதை வீட்டுக்குள் வைக்கவே விடவில்லை.

கண்டி அக்கா சொன்ன பிறகு கைக்கம்பு டென்ட் இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. அரைக்கிலோ அண்ணா தப்பாக நினைக்க வேண்டாம், அடுத்த வருடம் உங்களிடமே கேட்டுக் கற்றுக்கொள்கிறேன்.

இப்போது இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். நேச்சர்ஹைக் கிளவுட் அப் 2, அப்புறம் டெக்காத்லான் ட்ரெக் 900. முதலாவது எடை குறைவு. இரண்டு ஆள் என்று போட்டிருப்பதை நம்பலாமா? நான் 178 செ.மீ., மாமன் மகன் என்னைவிட உயரம்.

பாறைநாடு | மார்ச் 11, காலை 8:10

டொரான்டோவிலிருந்து. நாங்கள் நடக்கும் கில்லார்னி பூங்காவில் லா க்ளோஷ் பாதை 78 கிலோமீட்டர். தங்கும் இடங்களில் பல வெறும் பாறை. முளை ஒரு அங்குலம்கூட இறங்காது. அங்கே கற்றது இது: முளை ஓட்டையில் நீளக் கயிறு ஒன்றைக் கட்டி, அதன் நுனியை ஒரு சின்னக் கல்லில் சுற்றி, அதற்கு முன்னால், டென்ட் பக்கமாக, ஒரு பெரிய கல்லை வைக்க வேண்டும். காற்று இழுக்க இழுக்கச் சின்னக் கல் பெரிய கல்லின்மேல் அழுந்தி இன்னும் இறுகும். முளை அடிக்கும் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு மீட்டர் கயிறு கூடுதலாக எடுத்துப் போங்கள். எடை 30 கிராம்கூட வராது.

தானாக நிற்கும் டென்ட் என்று சொல்லி விற்பதில் பாதி முழுசாக நிற்பதில்லை. தலைப்பக்கம் கம்பி இரண்டு மூலைக்குப் போகும், கால்பக்கம் ஒரே கம்பி நடுவில் இறங்கும். அந்த இரண்டு கால் மூலையையும் முளை அடித்துத்தான் விரிக்க வேண்டும். கடையில் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பொதிநடை | மார்ச் 11, இரவு 10:00

பாறைநாடு சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். கிளவுட் அப் 2 அந்தக் கால்பக்கம் முளை வேண்டிய வகை. ட்ரெக் 900 தானாக நிற்கும் வகை, கிட்டத்தட்ட 2 கிலோ. கிளவுட் அப் துணியைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை.

இப்போது அகலம். கிளவுட் அப் 2-இன் தரை 125 செ.மீ. சாதாரணப் படுக்கை விரிப்பு 51 செ.மீ., அகலமானது 64. சாதாரணம் இரண்டு போட்டால் 102, நடுவில் இடம் மிச்சம். அகலமானது இரண்டு என்றால் 128, உள்ளே போகாது. உங்களிடம் இருப்பதை அளந்துவிட்டு முடிவு எடுங்கள். நீளத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். தரை 210 செ.மீ. என்று போட்டிருந்தாலும் சுவர் சாய்ந்து வருவதால் தலையும் காலும் இருக்கும் உயரத்தில் அவ்வளவு இடம் இருக்காது. தூக்கப் பையின் கால்பக்கம் துணியில் உரசினால் ராத்திரி ஆவி படிந்த ஈரம் முழுவதும் பைக்குத்தான். 178-க்கு மேல் இருவர் என்றால் கடையில் இரண்டு பேரும் உள்ளே படுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கூச்சப்பட வேண்டாம், தினமும் யாராவது படுத்துப் பார்க்கிறார்கள்.

ஆவி பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர் எட்டு மணிநேரம் விடும் மூச்சின் ஈரம் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். குளிர்ந்த மேல்துணியில் அது நீராகக் கோத்துக்கொள்ளும். எந்த டென்டும் இதை முழுக்கத் தடுக்காது. இரண்டு அடுக்கு என்றால் அந்த ஈரம் வெளித்துணியோடு நிற்கும், வலை உங்களை அதிலிருந்து பிரித்துவைக்கும். ஒற்றை அடுக்கில் திரும்பிப் படுத்தால் முகத்தில் ஒட்டும். குளிருக்குப் பயந்து காற்று வழியை அடைத்துவிட்டுப் படுக்கிறார்கள் பலர், அதுதான் நனைவதற்கு நேர்வழி. மேல் காற்று வழியைத் திறந்தே வையுங்கள். ஓடையை ஒட்டி, பள்ளத்தில் டென்ட் போடாதீர்கள். குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். பாலு கா கேராவில் ஆறு பக்கத்திலேயே ஓடும். கொஞ்சம் மேடேறிப் போடுங்கள். மேலே எங்கோ மழை கொட்டினால் ஆறு சொல்லாமல் ஏறும்.

பழகுவது பற்றி. வாங்கிய கையோடு சிறுவாணி, வால்பாறை என்று காட்டுக்குள் போய் டென்ட் அடித்துப் பார்க்க ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் 23 பேரை இழந்தோம். அந்த மலையில் நானும் நடந்திருக்கிறேன். இன்றும் மார்ச் வந்தால் மனசு கனக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் வழிகள் இருக்கின்றன. நடந்து பழக அவை போதும். டென்ட் பழக மொட்டை மாடியும், தெரிந்தவர் தோட்டமும் போதும்.

அரைக்கிலோ | மார்ச் 11, இரவு 11:30

சரி, நியாயம்தான். கண்டி அக்கா சொன்னதை நானும் ஏற்கிறேன், முதல் டென்டாக இது வேண்டாம். ஆனால் மேல்துணியை முதலில் நிறுத்துவதைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிடாதீர்கள். ட்ரெக் 900 எடுத்தாலும் வேறு எது எடுத்தாலும், மழையில் எப்படி அடிப்பது என்று வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். இரண்டு பேர் இருப்பதால் ஒரு வழி உண்டு: உள்டென்டை விரித்ததும் ஒருவர் மேல்துணியை அதன்மேல் போர்த்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அடியில் கையை விட்டுக் கம்பியைக் கோக்கலாம். பத்துத் தடவை செய்தால் கைக்கு வந்துவிடும்.

சிறுவாணி நடை | ஏப்ரல் 20, இரவு 9:10

வாங்கிவிட்டேன். கடைக்கு நாங்கள் இருவரும் போய் நாலு டென்டில் படுத்துப் பார்த்தோம். மாமன் மகனின் கால் இரண்டில் துணியைத் தொட்டது, அவை அப்போதே கழிந்தன. கடைசியில் எடுத்தது இரண்டு அலுமினியக் கம்பி குறுக்கே போய்த் தானாக நிற்கும் வகை. பாலியெஸ்டர் மேல்துணி, இரண்டு வாசல். வீட்டுத் தராசில் முளை, கயிறு, பை எல்லாம் சேர்த்து 2,060 கிராம். அட்டையில் போட்டிருந்ததைவிட 110 கிராம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அடித்தோம். முதல் தடவை 26 நிமிடம், எட்டாவது தடவை 7 நிமிடம். அப்புறம் தோட்டத்துச் சாளை வீட்டுக்குக் கொண்டுபோய், கிணற்று மோட்டாரைப் போட்டு, ஹோஸ் குழாயால் கால்மணிநேரம் மேலே தண்ணீர் அடித்தோம். உள்ளே ஒரு இடத்தில், மேல்துணியில் கயிறு கட்டும் வளையத்தைத் தைத்திருக்கிற இடத்தில், சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாற்றித் தரச் சொல்லவா, நானே சரிசெய்யலாமா?

திருப்பூர் நூல் | ஏப்ரல் 21, காலை 6:45

இதற்காக மாற்ற வேண்டாம். வளையத் தையலில் ஊசி ஓட்டை இருக்கிறது, டேப் அந்த மூலைவரை எட்டியிருக்காது. பியூ பூச்சு என்றால் அதற்கான தையல் பசையை உள்பக்கம் மெல்லிய தூரிகையால் தடவி, ஒரு நாள் காயவிட்டு, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள், மடிக்கும்போது ஒட்டாது. பூச்சு எது என்று தெரியாமல் தடவாதீர்கள். சிலிகான்மேல் பியூ பசை ஒட்டாது, உரிந்துவிடும். ஹோஸ் அடித்துப் பார்த்தது நல்ல வேலை. மலையில் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

கண்டி மலைக்காரி | ஏப்ரல் 21, பகல் 12:15

தம்பி, சந்தோஷம். இன்னும் இரண்டு சின்னச் சாமான். கூடாரத்தோடு வரும் முளைகள் பெரும்பாலும் மெல்லிய கம்பி, கல்லில் பட்டால் வளையும். மூன்று பட்டையாக இருக்கும் அலுமினிய முளை எட்டு வாங்குங்கள். அப்புறம், ஒரு விரல் நீளமான அலுமினியக் குழாய், கம்பிமேல் நழுவி ஏறும் அளவில், கட்டாயம் பையில் இருக்க வேண்டும். கம்பி வளைந்தாலோ முறிந்தாலோ அதை மேலே ஏற்றி இரண்டு பக்கமும் டேப் சுற்றினால் பயணம் முடியும்வரை தாங்கும்.

விமானத்தில் போவதென்றால் முளைகளைக் கைப்பையில் வைக்க வேண்டாம், எடுத்து வைத்துவிடுவார்கள்.

சிறுவாணி நடை | ஏப்ரல் 21, இரவு 8:00

கொங்கு எக்ஸ்பிரஸில் டெல்லி, அங்கிருந்து பஸ். முளையும் குழாயும் வாங்கிவிடுகிறேன் அக்கா. வந்து எழுதுகிறேன்.

சிறுவாணி நடை | செப்டம்பர் 16, இரவு 10:20

போய் வந்துவிட்டோம். நாலு ராத்திரி டென்டில். உங்கள் எல்லோருக்கும் கணக்குக் கொடுக்க வேண்டிய கடமை இருக்கிறது, அதனால் விவரமாக எழுதுகிறேன்.

பாலு கா கேரா போய்ச் சேரும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஒத்திகை பார்த்த மாதிரியே மாமன் மகன் மேல்துணியைப் போர்த்திப் பிடிக்க, நான் கம்பியைக் கோத்தேன். குளிரில் விரல் மரத்து, 7 நிமிடம் 12 ஆனது. உள்ளே நனைந்தது கைக்குட்டை அளவு இடம்தான். பக்கத்தில் வேறொரு குழு உள்டென்டை நிறுத்திவிட்டு மேல்துணியைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் போய்ப் பிடித்துக்கொடுத்தோம். ராத்திரி முழுக்க மழை. பசை தடவிய இடம் ஒழுகவில்லை, திருப்பூர் அண்ணா.

காலையில் பொதிநடை அண்ணா சொன்னது நடந்தது. நனைந்த டென்டைத் தராசில் மாட்டினேன், 2,480 கிராம். மேல்துணியைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, என் பொதிக்கு வெளியே வைத்துக்கொண்டேன். உள்டென்ட் அதோடு சேராததால் காய்ந்தே இருந்தது. கணவாய் தாண்டியதும் மழை நின்ற இடம் தெரியாமல் போய்விட்டது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் வறண்ட மண். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மேல்துணியைப் பாறைமேல் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தோம். இருபது நிமிடத்தில் காய்ந்தது.

சியா கோருவில் காற்று. முளை எட்டில் மூன்றுதான் மண்ணைப் பிடித்தது. மற்ற ஐந்துக்கும் பாறைநாடு சொன்ன சின்னக்கல், பெரியகல் கட்டுதான். டென்ட் தானாக நிற்பதால் முதலில் நிறுத்திவிட்டு, நிதானமாகக் கல் தேட முடிந்தது. அந்த நேரத்தில் கண்டி அக்காவை நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் மேல்துணியின் உள்பக்கம் முழுக்கப் பொடிப்பனி உறைந்திருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தபோது தலை இடித்து அது வலைமேல் பொலபொலவென்று உதிர்ந்தது. தூக்கப் பைமேல் கொஞ்சம்தான் விழுந்தது. காற்றுச் சந்து இரண்டையும் திறந்துதான் வைத்திருந்தோம். அடைத்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இரண்டு வாசலால் ராத்திரியில் சண்டை இல்லை. ஒன்று மட்டும் குறை. சாமான் வைக்கும் திண்ணை சின்னது. இரண்டு 50 லிட்டர் பையும் ஷூவும் வைத்தால் அடுப்பு மூட்ட இடமில்லை, மழையன்று வழிகாட்டியின் டென்டில்தான் சமைத்தோம்.

அரைக்கிலோ | செப்டம்பர் 16, இரவு 11:05

படிக்கப் படிக்க மனசு நிறைந்தது. 2,480 என்று தராசில் பார்த்தவரிடம் இப்போது கேட்கிறேன், அடுத்த வருடம் என் டென்டை ஒரு வாரம் இரவல் தருகிறேன், அந்தச் சாளையில் அடித்துப் பார்க்கிறீர்களா? கம்பை 120 செ.மீ. அளவில் நிறுத்தக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சிறுவாணி நடை | செப்டம்பர் 17, காலை 6:40

கட்டாயம் அண்ணா. ஜனவரியில் பொங்கல் விடுமுறைக்கு நீங்கள் கோவைப் பக்கம் வந்தால் நேரிலேயே கற்றுக்கொடுங்கள். டென்டை இப்போது மாடிக் கொடியில் நிழலாகப் பார்த்து விரித்திருக்கிறேன். இரண்டு நாள் காய்ந்த பிறகு பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வைக்கலாம் என்று இருக்கிறேன், திருப்பூர் அண்ணா. அது சரிதானே?

திருப்பூர் நூல் | செப்டம்பர் 17, காலை 7:00

சரிதான். தரைத் துணியின் தையல் ஓரத்தையும் புரட்டிப் பாருங்கள், ஈரம் கடைசியாக ஒளிந்திருப்பது அங்கேதான். மூன்று நாளாக வையுங்கள்.